கொளஞ்சியப்பரிடம் கொடுத்த பிராது

இரண்டு வருடங்களுக்கு முன் விருத்தாசலத்தில் நடந்தது இது. பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது என் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. அப்போதுதான் மகன் புனேவில் கல்யாணம் முடித்திருந்தான். மருமகளுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. அவள் ஆசையாகப் போன் செய்வாள். நான் 'ஹலோ' சொல்லிவிட்டு, போனை மகனிடம் கொடுக்கச் சொல்லிவிடுவேன். அந்தப் பிள்ளை என்ன நினைக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால், நாலு வார்த்தை பேசவாவது அதைப் பழகலாம் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். தினமும் ஏதாவது பேசிப் பதிவு செய்து போட வேண்டும். நான் திக்கித் திணறி, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவேன். குழுவில் ஒருவர் மட்டும் நான் போட்டதும் அதையே, அதே இழுவையோடு, திருப்பிச் சொல்லிப் போடுவார். தினமும் இதே கதைதான்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒன்னையதான் நக்கல் பண்றான். ஒனக்குத் தேவையா இது?"

அழுகையாக வந்தது. பேசுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் மனக்குறை என்றால் கொளஞ்சியப்பர் என்கிற முருகன் கோயிலில் பிராது, அதாவது சாமிக்குப் புகார்ச் சீட்டு, எழுதிக் கட்டுவோம். அந்த மனிதரின் போன் நம்பரைப் போட்டு, 'இவருக்கு நீதான் புத்தி சொல்ல வேண்டும்' என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் அவரிடமிருந்தே தமிழில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

"அக்கா, நாலு நாளா ஒங்க கொரலே காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? நான் வேப்பூருங்க, லாரி ஓட்டுறேன். எழுத்து படிக்க வராது. மத்தவங்க கடகடன்னு பேசிட்டுப் போயிடுறாங்க. நீங்கதான் நிறுத்தி நிதானமா பேசுறீங்க. அதக் கேட்டு அப்படியே சொல்லிப் பழகுறேன். நிறுத்திடாதீங்க அக்கா."

அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். மறுநாளே பிராதை வாபஸ் வாங்கக் கோயிலுக்கு ஓடினேன்.

"என்னம்மா, அதுக்குள்ள வழக்கு தீந்துடுச்சா?" என்றார் கோயிலில் பிராது பதிகிறவர்.

"தப்பு எம்மேலதாங்க," என்றேன்.

அன்று சாயங்காலம் நானே மருமகளுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். அவளும் எனக்காக மெதுவாகப் பதில் சொன்னாள். போனை மகனிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

முகம் தெரியாத ஒருவர் என் திணறலைப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறார், நானோ அவர் மேல் சாமியிடம் குறை சொன்னேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் சந்நிதியில் நிற்கும்போது அடுத்தவரைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.