நான் கானாவின் ஜனாதிபதியான நாள்

கானா நாட்டின் முதல் ஜனாதிபதிக்குக் கொப்புளிப்பான் வந்துவிட்டது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஆங்கில ஊரான பிளேஸ்டோவில் எங்கள் ஆரம்பப் பள்ளியில், சிறையிலிருந்து மீண்டு சுதந்திரம் வாங்கித் தந்த அந்தத் தலைவரின் நாடகம் அடுத்த நாள் காலை. தலைவராக நடிக்கவிருந்த பையன் முகமெல்லாம் கொப்புளத்தோடு வீட்டில் படுத்துவிட்டான்.

எனக்குக் கொடுத்திருந்தது கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. நின்ற சலிப்பில் எல்லோருடைய வசனமும் எனக்குப் பாடமாகியிருந்தது. ஆகவே ஒன்பது வயதில், ஒரு வாக்குச்சீட்டும் இல்லாமல், நான் ஜனாதிபதியானேன்.

பக்கத்து வீட்டு அன்ரி கானாக்காரி. தன் கணவரின் பட்டுப்போன்ற கோடுபோட்ட பெரிய துணியைத் தந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார். அதை எப்படி உடுத்துவது என்று கேட்க மறந்துபோனோம். காலையில் அம்மா திகைத்து நின்றபோது அப்பா முன்வந்தார்.

“இது வேட்டிதானே. நான் கட்டிவிடுறன்.”

“அது வேற நாட்டு உடுப்பப்பா,” என்றார் அம்மா.

“இடுப்பு எல்லா நாட்டிலையும் ஒண்டுதான்.”

அப்பா கொசுவம் வைத்துக் கட்டி, மிச்சத்தைச் சால்வையாகத் தோளில் போட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் விடுதலை வீரர் தேர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டவர்போல மேடையேறினார்.

பழைய கொடி இறங்கி, புதிய கொடி ஏறிக்கொண்டிருந்தது. சத்தியப்பிரமாணத்துக்கு வலது கையை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து இடுப்பு நெகிழ்ந்தது. இடது கையால் துணியைப் பிடித்தேன். தோளில் இருந்தது சரிந்தது. வலது கையை இறக்கினால் பதவி போய்விடும், இடது கையை விட்டால் மானம் போய்விடும்.

வேலை முடிந்து நேரே வந்திருந்த அன்ரி, தாதிச் சீருடையோடு மேடைக்கு ஓடிவந்தார். மூன்றே இழுப்பில் துணியைச் சுற்றித் தோளில் எறிந்தார். பிறகு தலை தாழ்த்தி, “இப்போது பேசுங்கள், ஜனாதிபதி அவர்களே” என்றார். மண்டபம் சிரித்து ஓய்ந்ததும், ரீச்சர் எழுதித்தந்த வசனத்தைக் கூரை அதிரச் சொன்னேன். எல்லோரும் கைதட்டி உட்கார்ந்த பிறகும் அப்பா தனியே நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று முழுக்க துணியைக் கழற்ற நான் சம்மதிக்கவில்லை. பின்னேரம் பஸ்ஸின் மேல்தட்டில், முன் சீற்றில், ஜனாதிபதியாகவே அப்பாவோடு வீடு திரும்பினேன்.

“அந்த வசனத்தைத் தமிழிலை சொல்லு பாப்பம்,” என்றார்.

“இன்று முதல் கானாவை நாங்களே ஆளுவோம்.”

பின்னால் இருந்த யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிறகு, “இப்ப அந்த நாட்டின்ர பேரை விட்டுட்டுச் சொல்லு,” என்றார்.

“பேர் இல்லாட்டி அது வசனமே இல்லை அப்பா.”

“பரவாயில்லை. சொல்லு.”

“இன்று முதல்...” என்று நிறுத்தினேன். அப்பாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பின்னால் கிழவரின் சிரிப்பும் நின்றிருந்தது. பாவம், அப்பாவுக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து, அவர் காதருகே குனிந்து மெல்ல எடுத்துக்கொடுத்தேன்:

“கானா, அப்பா. கானா.”