கம்பளத்தில் விழுந்த இரண்டாவது ஓட்டை

கம்பளத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அதைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டுவது மட்டும்தான். மலாக்கா டவுனில் ஒரு வடநாட்டு முதலாளியின் கம்பளக் கடையில் எனக்கு அதுதான் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் முதலாளி கடையை என் தலையில் கட்டிவிட்டுக் காணாமல் போனார்.

ஒரு நாள் காலையில் ஜப்பானிய அதிகாரி ஒருவன் சிப்பாய்களோடு வந்தான். மடித்த பாரசீகக் கம்பளம் ஒன்றை மேசைமேல் போட்டு, "போலே இக்காட்?" என்று மலாயில் கேட்டான். கட்ட முடியுமா என்று அர்த்தம். மூட்டையாகக் கட்டச் சொல்கிறான் என்று நினைத்து, "போலே, போலே" என்று மாடு மாதிரி தலையை ஆட்டினேன்.

அவன் கேட்டது முடிச்சு. கம்பளத்தின் ஒவ்வொரு இழையும் கையால் போட்ட ஒரு முடிச்சு. அந்த முடிச்சைக் கட்டத் தெரியுமா என்று கேட்டிருக்கிறான். அவன் கம்பளத்தை விரித்து, நடுவில் நெருப்புப் பட்டுக் கருகிய ஓட்டையைக் காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் என்னைக் கைத்தொழில்காரன் என்று ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கடைத்தெருவுக்குப் போன தமிழன் வீட்டுக்குத் திரும்புவான் என்று சொல்ல முடியாது. அந்தக் காகிதம் இருந்தால் பிடிக்க மாட்டார்கள். தெரியாது என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

காஜா பெராங் என்ற பகுதியில் அவன் தங்கியிருந்த பங்களாவின் பின்னறையில் என்னை உட்கார வைத்தார்கள். வாசலில் சிப்பாய். வேலை முடியும்வரை வெளியே போகக் கூடாது, முடிந்தால் காகிதம் செல்லாது. உள்ளே இருப்பதும் வேதனை, வெளியே போவதும் பயம். இப்படி ஒரு பிழைப்பு என் எதிரிக்கும் வேண்டாம்.

கடையிலிருந்து ஒரு கிழிந்த கம்பளத்தை வரவழைத்து, அதன் மூலையைப் பிரித்துப் பிரித்துத்தான் முடிச்சைக் கற்றேன். நீளவாக்கில் ஓடும் இரண்டு பாவு நூலைச் சுற்றி, இழுத்து, கீழே தட்டி, வெட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கட்டைவிரல் அகலத்துக்கு நூறு முறை.

கம்பளம் பிறந்த கதையை முதலாளி வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். குளிர் தேசத்தில் ஆடு மேய்த்தவர்கள்தான் முதலில் கட்டினார்களாம். தோலுக்காக ஆட்டைக் கொன்றால் அடுத்த வருஷம் ரோமத்துக்கு எங்கே போவது? அதனால் ரோமத்தைக் கத்தரித்து, நூற்று, ஒவ்வொரு முடிச்சாகக் கட்டி, ஆட்டுத்தோலைக் கையாலேயே செய்துகொண்டார்களாம். பனியில் மாதக்கணக்காகக் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தபோது செய்த வேலையாம். எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் என்று கேட்டால், எதிரில் இருப்பவரின் சட்டையைப் பார்த்து ஒரு கணக்குச் சொல்வார். அப்போது வியாபாரப் பேச்சு என்று சிரித்தேன். அந்த அறையில் உட்கார்ந்தபோது நம்பினேன். வெளியே போக முடிந்த எவனும் இப்படி ஒரு வேலையைக் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

அந்த வீட்டில் துணி தேய்க்க வந்தவர் பக்கத்துச் செட்டி கம்பத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துபோனவர்களின் கிராமம் அது. நெற்றியில் விபூதி, வாயில் மலாய். என் தமிழ் அவருக்குப் புரியாது. தன் மரவள்ளிக்கிழங்கில் பாதியை எனக்கு ஒதுக்கி, "மாக்கான், அபாங்" என்பார். சாப்பிடு அண்ணே என்று அர்த்தம். உண்மையில் அவர்தான் என்னைவிட மூத்தவர்.

ஓட்டை சுருங்கச் சுருங்க நான் முடிச்சை மெதுவாகப் போட்டேன். ஒரு நாள் அதிகாரி குனிந்து பார்த்து, "பாகுஸ்", பிரமாதம் என்று முதுகில் தட்டினான். நாளைக்கு முடித்துவிடலாம் என்றான். அன்று மத்தியானம், துணி தேய்ப்பவர் கிணற்றடிக்குப் போயிருந்தபோது, அவருடைய இஸ்திரிப் பெட்டியைத் திறந்து ஒரு நெருப்புக் கங்கை இடுக்கியால் எடுத்தேன். கம்பளத்தின் இன்னொரு பக்கத்தில் வைத்தேன். ஆத்திரத்தில் செய்யவில்லை. எத்தனை மாத வேலைக்கு எவ்வளவு பெரிய ஓட்டை வேண்டும் என்று யோசித்துத்தான் வைத்தேன்.

எலி கடித்தது, தானாகப் பொறி விழுந்தது என்று என்னென்னவோ பொய்களை வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அதிகாரி ஓட்டையைப் பார்த்தான், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தான், துணி தேய்ப்பவரை அறைந்தான்.

"புக்கான் சாயா, துவான்!" நான் இல்லை ஐயா என்று அவர் அலறினார். அதிகாரி என் பக்கம் திரும்பி, யார் செய்தது, பார்த்தாயா என்றான்.

"தா தாவு," தெரியாது என்றேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் கோழை. அன்றைக்கே எனக்கு அது தெரியும்.

மறுநாள் சயாமுக்கு ஆள் ஏற்றிய லாரியில் அவரையும் ஏற்றினார்கள்.

நாலைந்து நாள் கழித்து அவர் மனைவி பின்வாசலுக்கு வந்தார். தன் புருஷன் இருபது வருஷமாகத் துணி தேய்க்கிறார், ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கியதில்லை என்று மலாயில் சொன்னார். துவானுக்கு உங்கள்மேல் பிரியம், நீங்கள் சொன்னால் கேட்பார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

சொல்கிறேன் என்றேன். கோயிலில் கும்பிடுவதுபோல் இரு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் சொல்லவில்லை. அவர் புருஷன் திரும்பி வரவும் இல்லை. அந்த இரண்டாவது ஓட்டையை அடைக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அவசரமே படவில்லை.