விடுதலைக்கு அம்மை போட்ட வாரம்

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ஒரு தொழில்தான். இதில் வேலைநிறுத்தம் மட்டும் செய்ய முடியாது.

எனக்கு நடந்த அநீதிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், கூலி உயர்வு கேட்டதற்காக மில்லிலிருந்து என்னை வெளியே நிறுத்தினார்கள். அடுத்து, என்னோடு நின்றவர்களையெல்லாம் உள்ளே எடுத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். அதற்கும் அடுத்து, நான் எழுதிய துண்டறிக்கைகளால் சங்கத்தில் ஜெயித்தவர்கள் எனக்குச் சால்வை போட்டு ஓய்வு கொடுத்தார்கள். கடைசியாக, என் மனைவி செல்விக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. பத்து மாத மகள் விடுதலை என் மடிக்கு வந்து சேர்ந்தாள். இத்தனையும் தாங்கிய நான், அவளுக்குக் காய்ச்சல் அடித்து, காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புப் புள்ளிகள் முகத்துக்குப் பரவிய அன்று ஆடிப்போனேன். வீட்டில் பிள்ளை பார்க்கும் அப்பாக்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடுகு வெடித்தது

ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டேன். காய்ச்சல் மருந்தைப் பாலாடையில் புகட்டினேன். அவள் கண் அசந்ததும் எனக்கு ரசம் வைத்துத் தாளித்தேன். கடுகு வெடித்த சத்தத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். சௌராஷ்டிரக்காரர், கோபம் வந்தால் முதல் வரி அவர் பாஷையிலும் இரண்டாவது வரி தமிழிலும் வரும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அதை எதிர்த்து நோட்டீஸே போட்டவன் நான். அவர் என்னைக் கேட்காமல் அடுப்பை அணைத்தார், வாசலில் வேப்பிலையைச் செருகினார். அப்புறம்தான் இரண்டாவது வரி வந்தது.

"ஆத்தா பச்சப்புள்ள மேல வந்து உக்காந்திருக்கா, உனக்கு ரசம் கேக்குதா?"

தோழர் வருகை

வாடிப்பட்டியிலிருந்து பழைய தோழன் காசி பார்க்க வந்தான். அம்மை என்பது நோய், அம்மன் அல்ல என்று என்னோடு தெருத்தெருவாகப் பேசியவன். எனக்கும் ஒரு ஆள் பலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மாடிப்படியில் பாதி ஏறியவன் வேப்பிலையைப் பார்த்ததும் நின்றான். ஆரஞ்சுப் பழப் பையைப் படியிலேயே வைத்தான். செருப்பைக் கழற்றினான், உள்ளே வரத்தான் என்று நம்பினேன். வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"மாப்ள, கொள்கை வேற, கொப்புளம் வேற. நான் போறேன்."

மருந்துப் பாட்டில்

சாயங்காலம் வேலை முடிந்து வந்த செல்வி, முதலில் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு மருந்துப் பாட்டிலைப் பார்த்தாள். ஆத்தா இறங்கும்வரை மருந்து கூடாது என்றாள். நான் கிருமியைப் பற்றி, மேடையில் பேசுவதுபோல் இரண்டு கையையும் நீட்டி விளக்க ஆரம்பித்தேன். பிள்ளை வீறிட்டது. அவள் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"உங்க நோட்டீஸச் சுவத்துல ஒட்டுங்க. எம்புள்ள மேல ஒட்டாதீங்க."

ஆட்டோ

மறுநாள் காலை விடுதலை பால் குடிக்கவில்லை. சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்துக்கொண்டது. செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய நூல் சேலையில் பிள்ளையைச் சுற்றி, ஒரு கொத்து வேப்பிலையும் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

முக்கில் நின்ற ஆட்டோக்காரர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றார். அம்மை கண்ட பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுவந்ததே குற்றமாம். ஓர் உயிரின் உரிமை, ஓர் உழைப்பாளியின் கடமை என்று நான் தொடங்கினேன். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். செல்வி ஒரு காலைத் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்தாள். "தம்பி, ஆத்தாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கா. அவ பேச்ச நீ மீறுவியா?" என்றாள். அவர் முகம் மாறிப்போனது.

"ஏறுக்கா, ஏறு. மொதல்லயே சொல்லக் கூடாதா? இந்த அண்ணே என்னென்னமோ பேசுறாரு!"

பெயர் வாசிப்பு

தட்டம்மை நுரையீரலுக்கு இறங்கிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர். ஊசியைச் செல்வி தடுக்கவில்லை. மூக்கில் குழாயோடு கிடந்த பிள்ளையின் நெஞ்சையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சில நாளில் காய்ச்சல் விட்டது. மூச்சு சீரானது. அழுது பால் கேட்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிள்ளைகளின் பெயர்களை நர்ஸ் வார்டின் நடுவில் நின்று வாசித்தார். விடுதலை என்ற பெயர் வரவே இல்லை. "முத்துமாரி" என்றார். யாரும் எழவில்லை. தாய்மார்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். செல்வி என் விலாவில் முழங்கையால் இடித்தாள். பிழைத்தால் உன் பேரையே வைக்கிறேன் என்று ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டு, சீட்டுப் போடும்போது அந்தப் பெயரையே கொடுத்திருக்கிறாள்! நர்ஸ் குரலை உயர்த்தினார்.

"முத்துமாரி! முத்துமாரியோட அப்பா யாருய்யா? புள்ள வேணுமா, வேணாமா?"

கை தூக்கினேன்.

எத்தனையோ கோரிக்கைகளுக்காகக் கை தூக்கியிருக்கிறேன். கேட்டது முழுசாகக் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.