யாரிடமிருந்து வந்தது?

1. கேள்வி

மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நான் நெடுங்காலம் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். டொக்டர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை ஆங்கிலத்திலும், கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் வேலை. நோயாளி "எனக்கு நோகுது" என்றால் நாங்களும் "எனக்கு" என்றுதான் சொல்லவேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

புற்றுநோய்ப் பிரிவில் ஒரு சின்ன அறை. நோயாளியின் பெயர் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். நாற்பதுக்குக் கிட்டிய வயது. டண்டினொங்கில் சலட் பைக்கற் போடுகிற தொழிற்சாலையில் வேலை. பக்கத்துக் கதிரையில் கணவர். எதிரில் டொக்டர், அவரும் ஒரு பெண். கருப்பைக் கழுத்தில் ஒரு வைரஸால் வந்த கான்சர் இருக்கிறது, பக்கத்துக்கும் பரவிவிட்டது, ஒபரேஷன் சரிவராது, ரேடியேஷனும் கீமோவும்தான் வழி என்று அவர் நிதானமாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். சுகந்தி தலையாட்டினார். கணவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இந்த வைரஸ் ஆரிட்டயிருந்து வந்தது எண்டு கேளுங்கோ."

டொக்டருக்கு அது புதுக் கேள்வி இல்லை. எச்.பி.வி. என்ற இந்த வைரஸ் உறவு கொள்கிற அநேகமான எல்லாருக்கும் எப்போதாவது தொற்றும் என்றார். பெரும்பாலானோரில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலரில் ஒன்றும் காட்டாமல் பல வருஷம் கிடக்கும். எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்த ரெஸ்ற்றிலும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு கணவரைப் பார்த்து, உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம், கலியாணத்துக்கு முந்தியே, உங்களுக்கே தெரியாமல் என்றார்.

அதை நான் தமிழில் சொன்னபோது, நானே அவரைக் குற்றம்சாட்டியது போல என்னைப் பார்த்தார். சுகந்தி அவர் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு இவரைத் தவிர வேற ஒருத்தரையும் தெரியாது. இதை டொக்டருக்குச் சொல்லுங்கோ. இவருக்குச் சொல்லிச் சொல்லி நான் களைச்சுப்போனன்."

அவருடைய "நான்" என்ற சொல்லை என் வாயால் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

2. வீட்டுக்கு வந்த செய்தி

நடந்த கதையைச் சுகந்தி ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடம் துண்டு துண்டாகச் சொன்னார். அதற்கும் நான்தான் போனேன்.

கான்சர் தெரிவதற்கு முதல் வருஷம் நோபல் பார்க் பகுதியில் குடும்ப டொக்டரிடம் இந்த வைரஸுக்கான ரெஸ்ற் செய்திருக்கிறார். இப்போது திரைக்குப் பின்னால் போய்ப் பஞ்சுக் குச்சியால் நாங்களே எடுத்துக் கொடுக்கிற சோதனைதான், கஷ்டமில்லை. முடிவு கேட்கப் போன நாளில் கிளினிக் உரைபெயர்ப்பாளருக்கு ஒழுங்கு செய்யவில்லை. ஒரே வீட்டில் இருந்த கணவனின் அக்கா, நல்ல ஆங்கிலம் தெரிந்தவர், கூடப் போனார். வைரஸ் இருக்கிறது, ஆனால் இது கான்சர் இல்லை, கருவியால் பார்க்க ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புகிறேன், ஏதாவது இருந்தால் முளையிலேயே எடுத்துவிடலாம் என்று டொக்டர் சொன்னாராம். மச்சாள் காரில் வைத்துத் தமிழில் சொன்னது ஒரே வசனம்: "ஆம்பிளையளிட்டயிருந்து தொத்துற வருத்தமாம்."

அன்றைக்கே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சுகந்தியின் துவாய் வேறு கொடிக்குப் போனது. அவர் குடித்த கோப்பையை மற்றவர்கள் தொடவில்லை. கணவர் அகதியாக வள்ளத்தில் வந்தவர். விசா சரிவந்து மனைவியைக் கூப்பிட எத்தனையோ வருஷம் ஆனது. அந்த வருஷங்களில் ஊரில் வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்று இப்போது கேட்கத் தொடங்கினார். இங்கே தனியாக இருந்த அவரிடம் அதே கேள்வியைக் கேட்கலாம் என்று தனக்குத் தோன்றவேயில்லை என்றார் சுகந்தி. கோயிலில் இரண்டு பெண்கள் மெல்லக் கதைத்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்து, பிறகு கோயிலுக்கும் போகவில்லை.

ஸ்பெஷலிஸ்டிடம் போகவேண்டிய நாளை அவரே போன் பண்ணி நிறுத்தினார். ஆஸ்பத்திரி வேறு நாள் கொடுத்தது. அதற்கும் போகவில்லை.

"போனா பிழை செய்தனான் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரியெல்லோ" என்றார்.

இரத்தம் படத் தொடங்கியதையும் மறைத்தார். கடைசியில் வேலைத்தலத்தில், சலட் ஓடுகிற பெல்ற்றுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

சிகிச்சை நடக்கும்போது ஒருநாள் கணவர் டொக்டரிடம், முதலே வந்திருந்தால் என்று கேட்டார். அப்போது என்ன இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அநேகமாகச் சின்ன சிகிச்சையோடு முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். நான் அதை அப்படியே சொன்னேன். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு வராந்தாவில் என்னிடம் வந்தார். "என்ர அக்காவுக்கு நீங்கள் ஒருக்காச் சொல்லுவீங்களோ, இது பிழை செய்து வந்த வருத்தம் இல்லை எண்டு?"

நோயாளியின் விஷயத்தை நான் யாரிடமும் சொல்ல முடியாது. "அதை நீங்கள்தான் சொல்லோணும் தம்பி" என்றேன்.

3. ஊசி

சிகிச்சை முடிந்து சில மாதத்தில் கான்சர் நுரையீரலில் தெரிந்தது. அதன் பிறகு சுகந்தி கேட்டதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியைப் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். மகளுக்கு வேண்டாம், இந்த வயதில் அந்த ஊசி எதற்கு என்று தகப்பன் போன வருஷமே மறுத்துவிட்டார்.

தாயின் சம்மதமே போதும் என்று ஆஸ்பத்திரி நேர்ஸ் சொன்னார். சுகந்தி நம்பவில்லை. "அவர் ஓம் எண்டு சொல்லாட்டியும் போடுவினமோ?" என்று திரும்பவும் கேட்டார். போடுவார்கள் என்று நேர்ஸ் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் தவறவிட்ட பிள்ளைகளுக்குக் கவுன்சில் மண்டபத்தில் ஊசி போடுகிற நாளில் எனக்கு அங்கே வேலை. சுகந்தி மகளைப் பிடித்தபடி, மகனும் கூட வர, நடந்து வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். வரிசையில் வேறு தமிழ்க் குடும்பமும் நின்றது. இது பொம்பிளைப் பிள்ளைகளுக்குத்தானே, எனக்கு எதற்கு என்று மகன் ஆங்கிலத்தில் கேட்டான். சுகந்தி குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு வந்த கான்சர் இந்த வைரஸாலதான் வந்தது. ஆருக்கும் தொத்தலாம். உங்கள் ரெண்டு பேருக்கும் வரக்கூடாது."

நேர்ஸுக்கு நான் அதே சத்தத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். பின்னால் நின்ற அந்தக் குடும்பத்துத் தாய் தன் பிள்ளையைத் தோளில் பிடித்து மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டார். சுகந்தி அதைக் கண்டார். கண்டும், மகனின் கைச்சட்டையைச் சுருட்டிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் செத்துப்போனார். அவருக்காக எனக்குப் போட்டிருந்த அடுத்த வேலையை ஆஸ்பத்திரி ரத்துச் செய்தபோதுதான் தெரியவந்தது.

வெகுநாள் கழித்துக் கணவரை டண்டினொங் சந்தையில் கண்டேன். மீன் பையோடு நின்றார். அவராகவே சொன்னார்:

"அக்கா அந்த ரெஸ்ற் செய்தவ. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். அவவுக்கு ஒண்டுமில்லையாம்."

நல்லது என்றேன். அவர் மீன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இப்படியான செய்தியைச் சொல்லும்போது சொந்தக்காரர் யாராவது, நான் மொழிபெயர்க்கிறேன் என்று முன்வந்தால், ஒதுங்கிக் கொடுக்காதீர்கள். பயப்படுத்துகிற வசனம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு டொக்டர் சொல்கிற வசனங்களில்தான் உயிர் இருக்கிறது. அவற்றைச் சொல்லி முடிக்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.