கண்ணை மூடினால் காணாமல் போன காய்கள்

விபத்து நடந்த மூன்றாம் நாள்தான் தமிழ்வாணனுக்குப் பயம் பிடித்தது. கரையான்சாவடியில் ஷேர் வேன் ஒன்று திடீரென்று ஓரம் கட்ட, பைக்கோடு சரிந்து விழுந்திருந்தான். ஹெல்மெட் உடைந்தது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். கோவில்பதாகை வீட்டில் படுத்தபடி மனத்துக்குள் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தான். நான்காவது நகர்த்தலில் குதிரை எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை ராணியைக் காணவில்லை.

அவன் செஸ் கிராண்ட்மாஸ்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கன்னியம்மாவின் ஒரே மகன். இருபத்தாறு வயதில் பட்டம் வாங்கினான். பலகையைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் ஆறு பேரோடு ஆடியவன். வேறு தொழில் தெரியாது. தேசியப் போட்டிக்கு இருபது நாள்தான் இருந்தது.

ஒரு வாரம் இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. அம்மா கவனித்துவிட்டாள்.

"இன்னாடா, எப்பப் பாரு பலகைய விரிச்சிகினு கீற? நீ கண்ண மூடிகினே ஆடுவியே?"

"சும்மாதாம்மா."

"மூஞ்சியப் பாத்தா சும்மா மாதிரி இல்லியே."

கையிலிருந்த ராஜாவைப் பலகையில் வைத்தான். "தலைக்குள்ள எதுவும் நிக்க மாட்டேங்குதும்மா. பயமா கீது."

கன்னியம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டாக்டராண்ட சொன்னியா?"

"சொன்னா ஆடாதன்னுவாரு."

"ஆடாட்டி போவுது. உனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நா இன்னா பண்ணுவேன்?"

மறுநாள் லீவு போட்டு அழைத்துப் போனாள். தலையில் அடிபட்டால் இப்படி ஆவதுண்டு, பெரும்பாலும் சரியாகிவிடும், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறு வாரம் போட்டியே கூடாது. தேசியப் போட்டியிலிருந்து விலகுவதாக மெயில் அனுப்பிவிட்டு, தமிழ்வாணன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

ஆறு வாரம் கழிந்ததும், வேலை முடிந்து வந்த கன்னியம்மா அவனுடைய பழைய ஆட்டம் ஒன்றின் நகர்த்தல்கள் குறித்த தாளை எடுத்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். செஸ் தெரியாது. ஆங்கில எழுத்து மட்டும், சட்டை லேபிள் தைத்துத் தைத்துப் பழக்கம். அவள் படிக்கப் படிக்க அவன் கண்ணை மூடிப் பின்தொடர்ந்தான். முதல் நாள் ஐந்து நகர்த்தல். அடுத்த வாரம் ஒன்பது. பிறகு ஒரு நாள் இரண்டுக்கு இறங்கியது. அன்று இருவருமே சாப்பிடவில்லை.

டிசம்பரில் அம்பத்தூரில் ஒரு சிறிய போட்டிக்குப் போனான். முதல் சுற்றிலேயே காவ்யா என்ற பள்ளி மாணவியோடு டிரா. எதிராளி யோசிக்கும்போது எழுந்து உலவுகிறவன், இப்போது நாற்காலியை விட்டு அசையவில்லை. பலகையை விட்டுக் கண்ணெடுத்தால் எல்லாம் அழிந்துவிடுமோ என்ற நடுக்கம். ஒன்பது சுற்றில் ஆறு புள்ளி, பதினெட்டாவது இடம். கடைசி ஆட்டத்தை ஜெயித்து வெளியே வந்ததும் அம்மாவுக்கு போன் செய்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஜெயிச்சேம்மா."

"பயந்துகினே ஆடுனியா?"

"ஆமாம்மா. கடைசி வரிக்கும்."

"சரி, ஊட்டுக்கு வா. பஸ்ல வா."