இரு கண்களும் இரு ஆண்டுகளும்

காகித ஆலையின் பண்டகசாலைக் காப்பாளரை எவரேனும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. "ரசீது சார்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்கு அடுத்த மேசையில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் இதைக் கூறுகிறேன்.

வரிக் கணக்கு ஆண்டு முடியும் தறுவாயில் அவர் மேசையைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும்.

"சார், கண்ணாடி வாங்கின செலவை வரியில கழிக்கலாமா?"

"டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா கழிக்கலாம். அழகுக்குப் போட்டா கிடையாது."

"என் மூஞ்சியைப் பார்த்துமா சார் அந்தச் சந்தேகம்?"

"மாமியாரோட வைத்தியச் செலவு?" என்பார் எடைமேடைக்காரர்.

"உங்களையே நம்பி உங்க கூட இருந்தா கழிக்கலாம்."

"கூடத்தான் சார் இருக்காங்க. நம்பறதுதான் இல்ல."

காப்பீடு பற்றியும் கேட்பார்கள். "இன்சூரன்ஸ் வச்சிருக்கேன். அப்புறம் எதுக்கு சார் என் கையிலேருந்து கேக்கறான்?"

"வருஷத்துக்கு முதல் அம்பதாயிரம் நம்ம தலையில. அதைத் தாண்டினாத்தான் கம்பெனி தரும். அதுக்குப் பேர்தான் டிடக்டிபிள். அதைக் கூட்டி வச்சா பிரீமியம் குறையும்."

அவர் கூறியவற்றில் ஓரெழுத்தும் பிழையில்லை. வரிச்சட்டத்தையும் அறிவார், காப்பீட்டு விதியையும் அறிவார். ஆயினும் இரண்டையும் ஒரே நாளில் அறியமாட்டார். ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் மேசைமேல் இருக்கவேண்டும் என்பது பண்டகசாலையில் அவர் வகுத்த சட்டம். ஆணிக் கணக்கு கட்டி வைக்கப்பட்ட பிறகே பசைக் கணக்கு அவிழும். வீட்டிலும் அவ்வண்ணமே. வரிக்குப் பச்சைக் கோப்பு, காப்பீட்டுக்குச் சிவப்புக் கோப்பு. இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்த்ததில்லை.

அவருடைய மனைவி தையற்கலைஞர். அந்த ஆண்டு ஒரு செவிலியர் பயிற்சிக் கல்லூரி அறுபது மேலங்கிகளுக்கு அவரிடம் சொல்லியிருந்தது. சரியாக முடித்தால் ஆண்டுதோறும் அந்த வேலை அவருக்கே. அவ்வேளையில்தான் இரு கண்களிலும் புரை முற்றியிருப்பதாக மருத்துவர் தெரிவித்தார். ஒரு கண்ணுக்கு நாற்பதாயிரம். முதற்கண்ணை உடனே செய்துகொண்டு, இரண்டு வாரத்தில் அடுத்ததைச் செய்யலாம் என்றார்.

ரசீது சார் பச்சைக் கோப்பை விரித்தார். கைக்காசில் செய்த மருத்துவச் செலவில் ஆண்டொன்றுக்கு நாற்பதாயிரம் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். "இடது கண் இந்த வருஷம், வலது கண் அடுத்த வருஷம். ரெண்டு வருஷமும் முழுசாக் கழிக்கலாம்" என்று தீர்ப்பு வழங்கினார். சிவப்புக் கோப்பு அலமாரியிலேயே உறங்கியது. மறுநாள் இத்திட்டத்தை அலுவலகத்தில் அவர் விளக்கியபோது, எடைமேடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

இடது கண் தெளிந்தது. வலது கண் ஆண்டு பிறப்பதற்காகக் காத்திருந்தது. ஒரு கண் கண்ணாடியாகவும் மறு கண் கலங்கிய நீராகவும் இருந்தமையால் அம்மையாருக்குத் தூரமும் நேரும் குழம்பின. இருபதாவது அங்கியை மடித்தபோதுதான், அவற்றுள் பதினொன்றில் பைகள் சாய்ந்திருப்பதைக் கண்டார்.

"ஏங்க, பை எல்லாம் தூங்கி வழியுது. இப்படிக் குடுத்தா அடுத்த வருஷம் வாசல்லகூட நிக்க விடமாட்டாங்க."

"இன்னும் பதினெட்டே நாள். பொறுத்துக்கோ."

ஆண்டு முடிய ஆறு நாள் இருக்கையில் கண் மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்குச் சென்றனர். காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், உங்க பாலிசியும் இந்த மாசத்தோட புதுப்பிக்கணும். ரெண்டாவது கண்ணை அதுக்குள்ள பண்ணிடுங்க. நாற்பது ஏற்கெனவே கட்டிட்டீங்க. இன்னும் பத்து கட்டினா அம்பது ஆயிடும். மீதி முப்பதைக் கம்பெனி தரும். தேதி தாண்டினா மறுபடி முதல்லேருந்து. முழு நாற்பதும் உங்களுதுதான்."

"அது சரிம்மா. அந்த நாற்பதையும் அடுத்த வருஷம் கழிச்சா வரியில நாலாயிரம் மிச்சமாகுதே!"

"நாலாயிரத்தைப் பிடிக்க முப்பதாயிரத்தை விடறீங்களா சார்?"

  அம்மையார் குறுக்கிட்டார்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இது என் ஒத்தைக் கண்ணுக்கே தெரியுது. உங்களுக்கு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா..."

"அப்ப ஆபீஸ்ல யாரையாவது வந்து பை தைக்கச் சொல்லுங்க. நீ தேதி போடும்மா."

பாலிசி கணவர் பெயரில் இருந்தது. அவர் கையொப்பமின்றி விண்ணப்பம் செல்லாது. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். அலுவலகம் முழுவதற்கும் உரைத்த வேதத்தை ஒரு கையொப்பத்தால் பொய்யாக்குவது எளிதன்று. பின்னால் வரிசையில் நின்ற முதியவர், "ஐயா, எனக்கு இருக்கிற பார்வையும் போறதுக்குள்ள கையெழுத்தப் போட்டுடுங்க" என்றார். போட்டார்.

ஆண்டு முடிய மூன்று நாள் இருக்கையில் வலது கண்ணும் தெளிந்தது. கல்லூரியில் அம்மையார் பத்து நாள் தவணை கேட்டுப் பெற்றார். ஒரு வாரம் குனிந்து தைக்கக் கூடாதென்பது மருத்துவர் கட்டளை. ஆகவே தையலைப் பிரிக்கும் பணி கணவருக்கு வாய்த்தது. அவரைக் காண நான் சென்றபோது விடுப்பில் இருந்தார். மடியில் ஒரு மேலங்கி, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பிரிப்பூசி.

"வாங்க. இவ ரொம்பக் கண்டிப்புங்க" என்றார்.

"பேச்சைக் குறைச்சுக் கையைப் பாருங்க. துணி கிழியுது" என்று சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "இன்னும் நாலு பை இருக்கு."