கதவுக்குக் குரல் கொடுத்தவர்

வேதாச்சலம் கொல்கத்தா துறைமுகத்தின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேயே சால்ட் லேக் பகுதியில் தரைத்தள வீடு. சும்மா உட்காரத் தெரியாத மனிதர். மனைவி சுந்தரிக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அழவில்லை, ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

சுந்தரிக்கு வாசல்தான் வம்பு. நினைத்தால் கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு நடந்துவிடுவாள். பூட்டிப் பார்த்தார். பூட்டினாலும் இந்த நோய் வந்தவர்கள் வெளியே போகும் ஆசையை விடுவதில்லை. கதவோடு சண்டை போடுகிறார்கள். சுந்தரி கை வீங்கும்வரை கதவைக் குத்தினாள்.

அதன் பிறகுதான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, டிவிக்குப் பக்கத்தில் வைத்து, இரவும் பகலும் ஓடும் சர்வராக்கினார். கதவில் ஒரு சின்ன சென்சார். கதவு திறந்தால் அது வைஃபை வழியாக சர்வருக்குச் சேதி சொல்லும். உடனே வாசலுக்கு மேலே உள்ள ஸ்பீக்கரில் அவர் பதிவு செய்த குரல் கேட்கும்: “சுந்தரி, செருப்பு போட்டுக்கோ.” கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகிய அதட்டல். அப்படியே நின்று செருப்பைத் தேடுவாள். தேடுவதற்குள் இவர் போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். எந்த மாத்திரையும் அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை.

அந்த சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது என்று அது எச்சரித்துக்கொண்டே இருந்தது. வேதாச்சலத்துக்கு அது காலில் தைத்த முள். ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மறுநாள் விஜயதசமி, புதிதாக எதையும் தொடங்கும் நாள். சர்வரில் புது சிஸ்டத்தை ஏற்றக் காலையிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டார்.

பூஜை விடுமுறைக்குச் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த சுந்தரியின் தங்கை அகிலா, கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“ஓடுற மெஷினை ஏன் அத்தான் நோண்டுறீங்க?”

“இன்னிக்குத் தொட்டது துலங்கும்.”

“நீங்க தொட்டதுமா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. திரையில் வரிசையாக எச்சரிக்கைகள் வந்தன. மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்திருப்பார். அன்று ராகுகாலம் துரத்தியது. எல்லாவற்றுக்கும் ‘சரி’, ‘சரி’ என்று தட்டினார். சர்வர் அணைந்து மறுபடி எழுந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை.

கதவைத் திறந்து பார்த்தார். ஸ்பீக்கர் ஊமை.

எழுந்தார், உட்கார்ந்தார். கேபிளைப் பிடுங்கிச் சொருகினார். ரௌட்டரை அணைத்துப் போட்டார். வெளியே தெருவின் துர்கா பூஜைப் பந்தலில் தாக் மேளம் அடித்துத் தள்ளியது. அது அவர் மண்டைக்குள்ளேயே அடித்தது. சர்வருக்கென்று தனித் திரை கிடையாது. அது என்ன சொல்கிறது என்று பார்க்க ஒரே வழி, டிவியின் கேபிளைக் கழற்றி அதில் மாட்டுவது. மாட்டினார்.

சுந்தரி பார்த்துக்கொண்டிருந்த பாட்டு நிகழ்ச்சி போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

“யாரு போனது?” என்றாள்.

“யாரும் போகல. ஒரு நிமிஷம் இரு.”

குனிந்து எழுத்துகளைப் படித்தார். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது சிஸ்டம் நெட்வொர்க் கார்டுக்கு வேறு பெயர் வைத்திருந்தது. இவர் எழுதி வைத்திருந்த அமைப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. தாண்டித் தட்டிய எச்சரிக்கைகளில் இதுவும் இருந்திருக்கும். கண்டுபிடித்த சந்தோஷத்தில் திரும்பினார். நாற்காலி காலி. கதவு திறந்து கிடந்தது.

“அகிலா!”

“என்கிட்ட இல்ல அத்தான்!”

செருப்பு இரண்டும் வாசலிலேயே இருந்தன. வேதாச்சலம் வெறுங்காலோடு ஓடினார். பந்தலில் துர்க்கைச் சிலையை ஆற்றில் கரைக்க லாரியில் ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கரைப் புடவைகள், வழியனுப்பும் சடங்காகப் பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிய சிந்தூரம். எல்லா முகமும் ஒரே சிவப்பு. இதில் எவள் சுந்தரி? கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனார். யாரோ திட்டினார்கள்.

“வேதா தாதா! இங்கே, இங்கே!” எதிர்வீட்டு மிதாலி கையசைத்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் நெற்றி, கன்னமெல்லாம் சிந்தூரத்தோடு சுந்தரி சந்தேஷ் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தாள். “சிந்தா கோரோ நா, கவலைப்படாதீங்க, தீதி என்கூடத்தான் இருக்காங்க.”

அகிலா பின்னாலேயே செருப்போடு வந்து சேர்ந்தாள். அக்காவின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல், ஆழமில்லை. வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போட்டாள். ஈரத்துணியால் கண்ணோரச் சிந்தூரத்தைத் துடைத்துவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

“இனிமே அந்த மெஷினைச் சரிபண்றவரைக்கும் நீங்கதான் ஸ்பீக்கர். வாசல்ல போய் உக்காருங்க.”

உட்கார்ந்தார். சர்வர், டிவி, கீபோர்டு எல்லாவற்றையும் வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கண் கதவிலும் ஒரு கண் திரையிலுமாக வேலை செய்தார். நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்தார். நடுவில் சுந்தரி வரும்போதெல்லாம் “செருப்பு போட்டுக்கோ” என்று வாயாலேயே சொன்னார், தொண்டை கட்டியது.

பெயரை மாற்றி எழுதி மறுபடி ஓடவிட்டார். வேலை செய்கிறதா என்று சோதிக்கும் முன்பே சுந்தரி எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

“சுந்தரி, செருப்பு போட்டுக்கோ,” என்றார் அவர். அதே நொடியில் ஸ்பீக்கரும் சொன்னது.

சுந்தரி மேலே பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

“ஒரு தடவை சொன்னா போதாதா?” என்று முறைத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.